ஆளுக்குக் கொஞ்சம்

அவருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. தெரியாது என்று எழுதினால் ஐயோ பாவம் என்று தோன்றும். அப்படியெல்லாம் தோன்ற வேண்டாம். தெரியும், ஆனால் பார்க்க மாட்டார்.

சிறுசேரியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர் எங்கள் மேனேஜர். சேலையூரில் நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டுக்கும் அவர்தான் செக்ரட்டரி. ஆக, காலையில் பல் தேய்ப்பதிலிருந்து சாயங்காலம் வீடு திரும்புகிறவரை அந்த மனிதரிடமிருந்து தப்பிக்க எனக்கு வழியே இருக்கவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சண்டைக்கு வருவார்கள் என்ற பயமெல்லாம் கிடையாது. அந்தப் பெயரை இன்னொரு தடவை என் கையால் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. வழித்து வாரிய தலை. பேச்சு அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இனிப்பாக இருக்கும். கத்துகிறவனை எதிர்த்து நாமும் கத்தலாம். இவர் பிரசாதம் கொடுப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார். கேட்கிற எனக்கு உள்ளே கொதிக்கும்.

தாம்பரத்திலிருந்து கம்பெனி வேனில் ஒன்றாகத்தான் போவோம். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊரெல்லாம் சுற்றிப் போகும் வேன். அதில் என் சீட்டுக்கு மேலே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிற ஒரே ஆள் அந்த ரோட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். வேன் டிரைவருக்கே மனசு கேட்கவில்லை.

"இன்னா சார், அக்கா தலையில ஒரே தண்ணியா ஊத்திக்கினு கீது. ட்ரான்ஸ்போர்ட்ல நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வண்டிய ஷெட்ல வுட்டு சரி பண்ணிக்கினு வந்துடுவேன்."

அவர் திரும்பி வேன் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மொத்தமாப் பாருப்பா. வேன் எவ்ளோ ஜில்லுனு இருக்கு. கம்ப்ளெய்ண்ட் பண்ணா அது ரெடியாகிற வரைக்கும் ஏசி இல்லாத வண்டி அனுப்புவாங்க. ஒருத்தருக்காக எல்லாரும் வேர்த்து வழியணுமா?"

உடனே வேனில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ அவர்கள் வீட்டு ஃபேனைக் கழற்றிக்கொண்டு போக வந்தவள் மாதிரி. இதுதான் அந்த ஆளின் சாமர்த்தியம். நனைகிறவளையே குற்றவாளி ஆக்கிவிடுவார்.

அபார்ட்மெண்டிலும் இதே கதை. கோடையில் லாரித் தண்ணீர்தான். தொட்டியிலிருந்து மேலே ஏற்றினால் ஏ பிளாக்கும் பி பிளாக்கும் குடித்து முடித்த பிறகு சி பிளாக் மேல்மாடிக்கு வருவது காற்று மட்டும்தான். என் வீடு சி பிளாக் மேல்மாடி. அவர் வீடு ஏ பிளாக் முதல் மாடி என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மீட்டிங்கில் அவர் எழுந்து, வந்த தண்ணீர் இவ்வளவு, வீடுகள் இத்தனை, வகுத்தால் ஒரு வீட்டுக்குக் குளித்துக் குடித்து மிச்சம் பிடிக்கிற அளவுக்குக் கிடைக்கிறது என்று நிரூபித்தார். ஏ பிளாக்காரர்கள் தலையாட்டினார்கள். என் எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார். தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைப் புடவையோடு அப்படியே மீட்டிங்குக்கு வந்திருந்தார்.

"சார், உங்க கணக்குப்படி எனக்கு வர்ற தண்ணிய நான் எந்தக் குழாயில புடிக்கணும்? அத மட்டும் சொல்லிடுங்க" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். நம் செக்ரட்டரியும் சிரித்தார். தண்ணீர் மட்டும் வரவில்லை.

என் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்தார். அதை மறைக்க மாட்டேன். பந்தல்காரனிடம் பேசி, நாற்காலி போட வைத்து, வெயிலில் நின்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து, "நம்ம ஊர்ல மொத்தமா எடுத்துப் பாத்தா அப்பா நல்ல ஆயுசுதான்மா இருந்திருக்காரு" என்று சொன்னார். பெட்டிக்குள் படுத்திருந்தது ஊர் இல்லை, என் அப்பா. அன்றைக்கே அவரை அடித்திருக்க வேண்டும். அழுது கொண்டிருந்ததால் பிழைத்தார்.

ஒரே ஒரு தடவை அவர் மாறிப் பேசிப் பார்த்திருக்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் சாதத்தில் ஒரு கல் அவர் பல்லில் மாட்டிவிட்டது. மனிதர் எழுந்துவிட்டார். பரிமாறுகிறவனை நிறுத்தினார், கேட்டரிங்காரரைக் கூப்பிட வைத்தார், பெண்ணின் அப்பா ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பந்தி முழுக்கக் கையில் சோற்றோடு வேடிக்கை பார்த்தது. பக்கத்து இலையில் நான். இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிட நான் என்ன பைத்தியமா?

"சார், மொத்தமாப் பாத்தா சாப்பாடு பிரமாதமாத்தானே இருக்கு?" என்றேன்.

"கல்லு என் பல்லுல இல்ல மாட்டிச்சு?" என்றார். கண் இமைக்காமல் சொன்னார். தான் என்ன சொன்னோம் என்றே அவருக்கு உறைக்கவில்லை.

இப்போது எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆள்மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று புரியாது.

ஐரோப்பாவில் ஒரு அணுமின் நிலையத்தை மூடிவிட்டார்கள். அணுமின் நிலையத்தை மூடுவது, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை. குழாய், தொட்டி, சுவர், தரை என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கதிரியக்கம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அப்புறம்தான் தலைவலியே. எது சுத்தம், எதைச் சாதாரண இரும்பாகக் காயலான் கடைக்குத் தள்ளலாம், எதை டிரம்மில் போட்டு சிமெண்ட் ஊற்றிக் காவல் காக்க வேண்டும், எதைப் பூமிக்கு அடியில் புதைத்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாக யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரிக்க வேண்டும். அறுப்பதும் அளப்பதும் அங்கே. அளவுகள் கம்ப்யூட்டரில் சிறுசேரிக்கு வரும். எந்தத் துண்டு எந்தப் பெட்டிக்கு என்று பிரித்துக் கொடுப்பது நாங்கள், ஏழு பேர். ஏழாவது ஆள் அவர்.

டீமில் செல்வி என்று என் சிநேகிதி. மேடவாக்கத்தில் வேன் ஏறுவாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகிற மகள், இவள் சம்பளம். வீட்டில் வேறு வருமானம் கிடையாது. வேலையில் அவள் அரிசியில் கல் பொறுக்குகிற ரகம். அவள் கண்ணைத் தாண்டி ஒன்றும் போகாது.

ஒரு நாள் ஒரு பெட்டிக்கு வந்தது ஒரு நீளமான குழாய் லைனை அறுத்த துண்டுகள். நேரான துண்டுகள் எல்லாம் சுத்தம். நடுவில் ஒரே ஒரு எல்போ, குழாய் வளைகிற இடத்தில் மாட்டுகிற துண்டு. நம் வீட்டு சிங்க் குழாயில் அழுக்கு எங்கே அடைக்கும்? வளைவில்தானே? அங்கேயும் அதே சங்கதி. வருஷக்கணக்கில் ஓடிய தண்ணீர் வளைவில் கதிரியக்க அழுக்கைப் படிய விட்டிருந்தது. மற்ற துண்டுகளின் அளவு தரையில் கிடக்க, எல்போவின் அளவு மட்டும் மேலே எகிறி நின்றது.

"சார், இந்த எல்போ காயலான் கடைப் பெட்டிக்கு வேணாம். தனியா எடுத்து டிரம்முக்கு அனுப்பணும்" என்றாள் செல்வி.

அவர் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பெட்டி மொத்தத்துக்கும் சேத்துப் பாரும்மா. எல்லாத் துண்டோட அளவையும் கூட்டி மொத்த எடையால வகு. வரம்புக்குக் கீழதானே வருது?"

"வரும் சார். இவ்ளோ நல்ல குழாயோட சேத்து வெச்சா எதுதான் கீழ வராது? அப்படிக் கலந்து காட்டக் கூடாதுன்னுதானே ரூலே இருக்கு?"

"எங்கம்மா கலந்தோம்? ஒரே லைன்ல வெட்டின துண்டுங்க. ஒரே பெட்டியில போகுது."

"அங்க ஒருத்தன் அதக் கையில எடுப்பான் சார். அவன் பெட்டியோட மொத்தத்தத் தொட மாட்டான். எல்போவத்தான் தொடுவான்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவருக்கு அது காதிலேயே ஏறவில்லை. "இந்தப் பெட்டி இந்த வாரம் போகலேன்னா பின்னாடி நிக்கிற எல்லாப் பெட்டியும் நிக்கும். ஒரு எல்போவுக்காக எல்லாத்தையும் நிறுத்தணுமா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"நிறுத்தறதுக்குத்தான் சார் நம்மள வெச்சிருக்காங்க" என்றேன் நான்.

"நீங்க ரெண்டு பேரும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே செல்வியை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். மௌஸைப் பிடித்து எல்போவை இழுத்துப் பெட்டிக்குள் போட்டார். அனுப்புகிற பட்டனையும் அழுத்தினார். கம்ப்யூட்டரில் இருந்தது செல்வியின் லாகின். சுற்றி டீம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வி, "சார் வேணாம் சார், வேணாம் சார்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

அந்த ஊரில் நிலையத்தைவிட்டு வெளியே போகிற ஒவ்வொரு லாரியும் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் கதிரியக்கத்தை மோப்பம் பிடிக்கிற கருவி நிற்கும். எங்கள் பெட்டி போன லாரிக்கு அது அலறியிருக்கிறது. லாரியை ஓரம் கட்டி, பெட்டியைத் திறந்து, எல்போவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டியை ஏற்றியவர்களுக்கோ டிரைவருக்கோ ஒன்றும் ஆகாது, கொஞ்ச நேரம்தானே பக்கத்தில் இருந்தார்கள் என்றார்கள். இருக்கட்டும், சந்தோஷம். அந்தக் கருவி அன்றைக்குக் கோளாறாகி நின்றிருந்தால்? காயலான் கடையிலிருந்து உலைக்குப் போய் உருகி, யார் வீட்டுக் கட்டிலாகவோ ஜன்னல் கம்பியாகவோ ஆகியிருக்கும். அந்தக் கட்டிலில் படுக்கிற பிள்ளையிடம் போய் மொத்தக் கணக்கைச் சொல்ல முடியுமா?

அந்த ஊர்க்காரர்கள் எங்கள் கம்பெனியோடு வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து, டீமைக் கூட்டி உட்கார வைத்து, யார் செய்தது என்று கேட்டார்.

நம் ஆள் எழுந்தார். அதே பிரசாதக் குரல்.

"சார், இது டீம் மொத்தமும் செஞ்ச தப்பு. நான் எந்த ஒரு ஆளையும் கைகாட்ட மாட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் பொறுப்பு எடுத்துக்கறோம்."

பெரிய அதிகாரி முகத்தில் என்ன ஒரு மரியாதை! இப்படி ஒரு தலைவர் நம் கம்பெனியில் இருக்கிறாரா என்று உருகிப் போனார். செல்வி மெல்ல எழுந்தாள்.

"நான் வேணாம்னு சொன்னேன் சார். வேணாம்னு சொன்னவளுக்கும் அதே பங்கா?"

"எமோஷனல் ஆகாதம்மா. உன்னத் தனியா யாரும் எதுவும் சொல்லலியே" என்றார் அவர்.

"மௌஸ் யார் கையில இருந்துச்சு சார்? அத மட்டும் சொல்லுங்க" என்று நான் கத்தினேன். கத்தினேன் என்பதுதான் கடைசியில் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பெரிய அதிகாரி கையமர்த்தி, ஒருத்தரையொருத்தர் குறை சொல்கிற நேரமில்லை இது என்று எனக்குப் புத்தி சொன்னார்.

ப்ராஜெக்ட் போனால் எங்கள் தொழிலில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். வேறு ப்ராஜெக்டில் யாராவது எடுத்துக்கொண்டால் பிழைத்தோம். எடுக்காவிட்டால், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அன்பாகச் சொல்லுவார்கள். எங்களை ஒவ்வொருத்தராக எடுத்துக்கொண்டார்கள். அவரை, பொறுப்பு ஏற்றுக்கொண்ட பெரிய மனசுக்காக, இன்னொரு டீமுக்கே தலைவராகப் போட்டார்கள். செல்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. போகிற இடத்திலெல்லாம் "ஓ, அந்த லாகின் உங்களோடதுதானா?" என்று ஒரு கேள்வி. மாசக் கடைசிக்குள் இடம் கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று எச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பாப்பாகிட்ட என்னடி சொல்றது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேராக ஏ பிளாக்குக்குப் போய் அவர் வீட்டு பெல்லை அடித்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். நான் தொடவில்லை.

"சார், பெருசா ஒண்ணும் வேணாம். 'செல்வி தடுத்தா, நான்தான் வெச்சேன்'னு எச்.ஆர்ல ஒரு வார்த்த சொல்லுங்க. அவ வேலை தப்பிச்சுடும்."

"அவளுக்குன்னு தனியாச் சொன்னா மத்த பசங்க என்னம்மா நினைப்பாங்க? எல்லாரும் சேர்ந்துதானே தாங்கினோம்?"

"எங்க சார் தாங்கினீங்க? எல்லாரும் வேற சீட்ல போய் உக்காந்தாச்சு. அவ ஒருத்திதான் வீட்டுக்குப் போறா."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். நிஜமாகவே யோசித்தார். அப்புறம் சொன்னார்.

"ஏழு பேர்ல ஆறு பேர் நல்லபடியா செட்டில் ஆயாச்சேம்மா. இவ்ளோ பெரிய பிரச்சினைக்கு இது நல்ல முடிவுன்னுதான் எனக்குத் தோணுது."

பொய் சொல்கிறவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். இந்த மனிதர் மனசாரச் சொன்னார். செல்வி என்ற ஒருத்தி அந்தக் கணக்கில் எங்கேயுமே இல்லை. காறித் துப்பிவிட்டு வரலாம் போல இருந்தது. அவர் மனைவி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டீமில் இருந்த ஒவ்வொருத்தர் சீட்டுக்கும் போய் நின்றேன். "நமக்கு எதுக்குக்கா வம்பு?" என்றான் ஒருத்தன். "அன்னிக்கு உன் லாகின் திறந்திருந்தா?" என்று கேட்டேன். எழுந்து வந்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எச்.ஆர் அறைக்குப் போய், சேர்ந்து பேச மாட்டோம், ஒவ்வொருத்தராகத்தான் பேசுவோம் என்றோம். தனித்தனியாக உள்ளே போய் ஒவ்வொருத்தரும் அவரவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னோம். செல்வி தடுத்தாள். எல்போவை எடுத்துப் போட்டது அவர் கை. அந்த ஊர்ப் பாதுகாப்பு அதிகாரியும் ஸ்கிரீனில் வந்து எங்களை அதையே கேட்டார். அதையே சொன்னோம்.

செல்வியின் வேலை தப்பியது. வேறு ஒரு ப்ராஜெக்டில் போட்டார்கள். அன்றைக்கு வேனில் அவள் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டு வந்து டிரைவரிலிருந்து ஆரம்பித்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவர் உட்கார்கிற முன் சீட் காலியாக இருந்தது. அவரை ரிட்டயர்மெண்டுக்கு முன்னாலேயே சத்தமில்லாமல் போகச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ரொம்ப நாள் அவர் என் கண்ணில் படவில்லை. ஒரு சாயங்காலம் பார்க்கிங்கில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். தூண் பக்கத்திலிருந்து வந்து எதிரே நின்றார். லுங்கியும் பனியனுமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, நான் மட்டுமா இருந்தேன் அன்னிக்கு? கம்பெனி அவசரப்படுத்துச்சு. அந்த ஊர்க்காரன் அவசரப்படுத்தினான். ரூம்ல இத்தன பேர் பாத்துக்கிட்டு நின்னீங்க, ஒருத்தராவது என் கையப் புடிச்சீங்களா? அத்தன பேரையும் விட்டுட்டு என் ஒருத்தன் பேர மட்டும் தனியா எடுத்துச் சொல்லிட்டியே. என்ன மட்டும் ஏம்மா?"

கண் கலங்கியிருந்தது. உதடு கோணிக்கொண்டு போனது. நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார்.

"வெச்சது நீங்க ஒருத்தர்தானே சார்" என்றேன்.

இரக்கம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். வரவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு மாடி ஏறினேன்.